கேன்வாஸ் கூரைக்குக் கீழே ஒரு பூட்டுப் பெட்டி

கேள்வி: அப்பா ஓட்டிய 1974ஆம் வருட லேண்ட் ரோவர் சீரீஸ் 3 இப்போது என்னிடம் இருக்கிறது. 88 அங்குல வண்டி, கேன்வாஸ் கூரை, ஸ்டெப்னி பானெட் மேல். பறவைகளைப் படம் எடுக்க மலையடிவாரம் வரை ஓட்டிப்போய், வண்டியை நிறுத்திவிட்டு நான்கைந்து மணி நேரம் நடப்பேன். போன மாதம் திரும்பி வந்தபோது கூரையை ஓரமாகக் கிழித்து, ஜாக்கி, ஸ்பேனர் பை, இழுவைக் கயிறு எல்லாவற்றையும் எடுத்துப் போயிருந்தார்கள். டெயில்கேட்டை (பின்கதவை) ஒட்டி ஒரு ரெடிமேட் இரும்புப் பெட்டியை வைத்து, தரையில் ஸ்குரூ அடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். எந்தப் பூட்டு நல்லது? டிராயர் வைப்பதா, மூடி வைத்த பெட்டியா? அப்பாவின் வண்டியில் ஓட்டை போட மனம் வரவில்லை. குறைந்த ஓட்டைகளோடு செய்ய வழி உண்டா?

பதில்: வணக்கம். நடந்து களைத்து வந்து, கிழிந்த கூரையைப் பார்த்த அந்த நிமிடம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கோபத்தில்தான் நிறையப் பேர் மறுநாளே ஒரு பெட்டியை வாங்கித் தரையில் அறைந்துவிடுகிறார்கள். நீங்கள் செய்யாமல் கேட்டு எழுதியிருக்கிறீர்கள், நல்லதாயிற்று.

பூட்டைப் பற்றி முதலில் கேட்டிருக்கிறீர்கள். அதைக் கடைசியில் பார்ப்போம். திருட்டுக்குப் பிறகு என் பட்டறைக்கு வந்த வண்டிகளில் பூட்டு உடைந்து வந்தது மிகக் குறைவு. மூடியின் ஓரம் வளைந்திருக்கும், கீல் பிய்ந்திருக்கும், இல்லாவிட்டால் பெட்டியே இருக்காது. உங்களுடையதைப் போலவே ஒரு சீரீஸ் வண்டி ஒருமுறை வந்தது. பின்தரையில் ஆறு ஓட்டைகள். ஒவ்வொன்றின் ஓரமும் மேல்நோக்கிப் பிளந்து, பூ விரிந்ததுபோல் நின்றது. ஆறு ஸ்குரூவும் பெட்டியோடே போயிருந்தன. பெட்டிக்கு அடியில் கடப்பாரையின் நுனியை நுழைத்து ஒரே மூச்சில் கிளப்பியிருக்கிறார்கள். அதன் பூட்டு நல்ல பூட்டு. பூட்டியபடியே வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாகத் திறந்திருப்பார்கள்.

ஸ்குரூ ஏன் பிடிக்கவில்லை என்றால், அந்தத் தரை மெல்லிய அலுமினியத் தகடு. தகட்டின் கனத்துக்குள் ஒரு மரை, மிஞ்சினால் ஒன்றரை மரைதான் அடங்கும். எவ்வளவு நீளமான ஸ்குரூ போட்டாலும் மீதி மரையெல்லாம் கீழே காற்றில் தொங்கும். ஸ்குரூவைப் போல்ட்டாக மாற்றினால் போதுமா என்றால், அதுவும் பாதி வழிதான். கிரேடு 8.8 எம்8 போல்ட் (8 மில்லிமீட்டர் தடிமனுள்ள, உறுதியான எஃகு போல்ட்) ஒன்று நேர் இழுவையில் சுமார் 2 டன் வரை நீளாமல் தாங்கும். போல்ட் தாங்கும், தகடு தாங்காது. சாதாரண வாஷர் போட்டு முடுக்கினால் வாஷரோடு சேர்ந்து தகட்டைக் கிழித்துக்கொண்டு வரும். அதனால் உங்கள் முழு யோசனையும் பெட்டி எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதில் தொடங்க வேண்டும். எத்தனை பூட்டு போட்டாலும் அதற்குப் பிறகுதான்.

இதில் திருடனை விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. பெட்டியும் சாமானும் சேர்த்து 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதிலோ மோதி, முகப்பு நசுங்கி 60 சென்டிமீட்டருக்குள் நின்றால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப் போல் சுமார் 16 மடங்கு விசையோடு முன்னால் பாயும். 70 கிலோ பெட்டி ஒரு டன்னுக்கும் மேலான விசையோடு உங்கள் முதுகை நோக்கி வரும். இன்றைய கார்களின் பின்னிருக்கையைச் சோதிக்கும் ஐரோப்பிய விதியில் 18 கிலோ எடையுள்ள இரண்டு கட்டைகளை அதே 50 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கையின் முதுகில் மோதவிட்டுப் பார்க்கிறார்கள். உங்கள் வண்டி அந்த மாதிரிச் சோதனைக்கெல்லாம் முந்திய காலத்துக் கட்டுமானம். உங்களுக்கும் பின்தரைக்கும் நடுவில் இருப்பது ஒரு தகட்டுச் சுவரும் இருக்கையும்தான். தயவுசெய்து இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அடுத்து, இடம். டெயில்கேட்டை ஒட்டி வைப்பது எடுக்க வசதி, வண்டிக்கு வசதியில்லை. 88 அங்குலம் என்பது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம், 2,235 மில்லிமீட்டர். குட்டையான வண்டி. பின் அச்சுக்கு 45 சென்டிமீட்டர் பின்னால் 70 கிலோவை வைத்தால் அது ஏற்றமரம்போல் வேலை செய்யும். பின் அச்சில் 84 கிலோ ஏறும், முன் சக்கரங்களிலிருந்து 14 கிலோ இறங்கும். தார்ச்சாலையில் இது பெரிதாகத் தெரியாது. சரளைக்கல் ஏற்றத்தில், ஈரமான வளைவில், ஸ்டியரிங் ‘லேசாக’ இருப்பதுபோல் தோன்றும். அந்த லேசு நல்லதற்கல்ல. நான்கு சக்கரத்திலும் இலை ஸ்பிரிங் இருக்கும் வண்டி என்பதால், ஒவ்வொரு குழியிலும் பின்பக்கம் தூக்கிப் போடும்போது அந்தப் பெட்டி கூடவே குதிக்கும். எடை முன்னால், கீழே. உங்கள் வண்டியில் எந்தப் பெட்டிக்கும் இதுதான் விதி.

சரி, நான் உங்கள் வண்டிக்கு என்ன செய்வேன் என்று சொல்கிறேன்.

பின்பக்கம் சக்கரங்களை மூடிய மேடுகளாக இரண்டு சக்கரப் பெட்டிகள் இருக்கின்றன இல்லையா, பக்கவாட்டு இருக்கைகள் உட்காருமே, அவைதான். அந்த இரண்டுக்கும் நடுவில், தரையோடு தரையாக, சக்கரப் பெட்டியின் உயரத்துக்கே ஒரு தாழ்ந்த பெட்டி செய்வேன். முன்பக்கம் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள சுவரை முட்டிக்கொண்டு தொடங்கி, டெயில்கேட்டுக்குச் சற்று முன்னால் முடியும். மூடியை மூடினால் சக்கரப் பெட்டிகளோடு சேர்ந்து ஒரே சமதளமாகிவிடும். மேலே கூடாரம், துணிப் பை, என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். மூடியின் மேல் தரைக்குப் போட்டிருக்கும் அதே கறுப்பு ரப்பர் விரிப்பை ஒட்டிவிட்டால், கூரையைக் கிழித்து எட்டிப் பார்ப்பவனுக்கு அங்கே பெட்டி இருப்பதே தெரியாது. பளபளவென்று ஒரு தொங்குபூட்டு தெரிந்தால் ‘இங்கே ஏதோ இருக்கிறது’ என்று நாமே சொன்ன மாதிரி.

மூடியை இரண்டாகப் பிரியுங்கள். முன்மூடிக்குக் கீழே கனமானவை: ஜாக்கி, ஸ்பேனர், இழுவைக் கொக்கிகள். பின்மூடிக்குக் கீழே கேமரா போன்ற, அடிக்கடி எடுக்கிற லேசான சாமான். கனமானதை எடுக்க உள்ளே ஏறித்தான் ஆகவேண்டும், கொஞ்சம் சிரமம்தான். ஆனால் ஜாக்கியை வருடத்துக்கு இரண்டு முறை எடுப்பீர்களா?

டிராயர் கேட்டிருந்தீர்கள். நீண்ட வண்டிகளுக்கு டிராயர் அருமையான விஷயம், நானே நிறையச் செய்திருக்கிறேன். உங்கள் வண்டிக்கு வேண்டாம். தண்டவாளம், சட்டம், டிராயரின் சொந்தச் சுவர் என்று மூன்று அடுக்கு எடையையும் இடத்தையும் தின்றுவிடும். முழுச் சுமையோடு இழுத்தால் அது டெயில்கேட்டைத் தாண்டி வெளியே தொங்கும். தூசி தண்டவாளத்தில் ஏறினால் பாதி வழியில் மாட்டிக்கொள்ளும். திருடனுக்கும் டிராயரின் முகப்பில் நெம்ப ஒரு நீண்ட இடுக்கு கிடைக்கும்.

இனி உலோகம். இந்த இடத்தில் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் என் தொழிலின் ஆரம்பத்தில் நான் செய்த தவறு இதில்தான்.

லேண்ட் ரோவர் 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானபோது, போருக்குப் பிந்தைய பிரிட்டனில் எஃகு கிடைப்பது கஷ்டமாக இருந்தது. அலுமினியம் கிடைத்தது. அதனால் சேஸிஸை (வண்டியின் அடிச்சட்டத்தை) எஃகிலும், உடம்பை பிர்மாபிரைட் என்ற அலுமினிய–மக்னீசியக் கலவையிலும் செய்தார்கள். அந்த வழக்கம் உங்கள் 1974 வண்டி வரைக்கும் தொடர்ந்தது. உடம்பு துருப்பிடிக்காது என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், தனியாக விட்டால். எஃகோடு ஒட்டி உட்கார்ந்து, நடுவில் ஈரமும் கொஞ்சம் உப்பும் சேர்ந்தால், அந்த ஜோடி ஒரு சின்ன பேட்டரி ஆகிவிடும். அந்தப் பேட்டரியில் கரைவது அலுமினியம்.

நான் ஒரு வாடிக்கையாளருக்குக் கருவிப் பெட்டி பொருத்தும்போது, ‘பலமாக இருக்கட்டும்’ என்று தரைக்கு மேல் ஒரு பெரிய இரும்புத் தகட்டை நேராகப் படியவைத்து முடுக்கிக் கொடுத்தேன். பெயின்ட் அடித்த தகடுதான். சில வருடம் கழித்து வண்டி வேறு வேலைக்கு வந்தபோது அந்தத் தகட்டைத் தூக்கினேன். அடியில் வெள்ளை மாவு, கை நிறைய. தட்டிவிட்டால் உதிர்ந்தது. திருப்புளியை வைத்து லேசாக அழுத்தினேன், காகிதத்தில் இறங்குவதுபோல் தரைக்குள் இறங்கிவிட்டது. போல்ட் தலைக்குக் கீழே பெயின்ட் கீறிய இடத்தில் ஆரம்பித்து, தகடு மூடியிருந்த பரப்பு முழுக்கப் பரவியிருந்தது. அந்தத் தரையை என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். அந்த வெள்ளை மாவு இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆகையால் உங்கள் பெட்டிக்கு நான் சொல்லும் தகடு அலுமினியம்தான். 5052 போன்ற அலுமினிய–மக்னீசியத் தகடு கேளுங்கள். உங்கள் வண்டியின் உடம்போடு அதே குடும்பம், இரண்டும் சேர்ந்தால் சண்டை வராது. சுவர்களுக்கும் அடிக்கும் 3 மில்லிமீட்டர், மூடிக்கு 4. ஒரு மீட்டர் நீளம், 90 சென்டிமீட்டர் அகலம், 23 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்தால் சுமார் 200 லிட்டர் கொள்ளும். பெட்டி மட்டும் 24 கிலோ அளவுக்கு வரும். அதே பெட்டியை 2 மில்லிமீட்டர் இரும்பில் செய்தால் 42 கிலோ, 1.5 மில்லிமீட்டர் இரும்பில் 31 கிலோவுக்கு மேல். 12 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட்டில் 22 கிலோ.

பிளைவுட் மோசமில்லை. சத்தம் போடாது, வீட்டிலேயே அறுத்துச் செய்யலாம். ஆனால் கீலை மர ஸ்குரூவில் மாட்டினால் ஒரு நெம்பில் பிய்ந்துவிடும். வெளிப்பக்கம் வழவழப்பான குமிழ்த் தலையுள்ள போல்ட்டை உள்ளே வரை செலுத்தி, நட் போட வேண்டும். வெட்டிய ஓரங்கள் அத்தனைக்கும் எபாக்சி பூச வேண்டும், இல்லையென்றால் ஈரம் ஏறிப் பிளந்துவிடும். அலுமினியத்துக்கு டிக் வெல்டிங் (வாயு மறைப்பில் செய்யும் நுட்பமான மின்வெல்டிங்) தெரிந்த கை வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்காமல் இரும்பில்தான் செய்ய முடியும் என்றால் 1.5 மில்லிமீட்டரில் செய்யுங்கள். ஆனால் அது வண்டியின் அலுமினியத்தை எங்கேயும் நேராகத் தொடக் கூடாது.

எதில் செய்தாலும் அடியில் 6 மில்லிமீட்டர் கனமுள்ள ரப்பர் பட்டைகளை நீளவாக்கில் ஒட்டுங்கள். தரையின் வரிகளும் நீளவாக்கில்தான் ஓடுகின்றன. கூரை வழியாக ஒழுகும் தண்ணீர் பெட்டிக்கு அடியிலேயே ஓடி டெயில்கேட் பக்கம் வெளியேறிவிடும். கம்பளமோ ஃபோமோ அடியில் போடாதீர்கள், அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். போல்ட் இரும்பாகத்தான் இருக்கும், அதற்கு நைலான் புஷ்ஷும் (போல்ட்டைச் சுற்றி வரும் சின்னக் குழாய்) நைலான் வாஷரும் போட்டு அலுமினியத்திலிருந்து பிரித்துவிடுங்கள். உங்கள் வண்டியின் பின்பக்கச் சுவர் விளிம்பில் ஓடும் இரும்புப் பட்டையைப் பாருங்கள், துத்தநாகம் பூசியிருப்பார்கள். இரும்பை அலுமினியத்தின் மேல் வைக்க வேண்டி வந்தபோது தொழிற்சாலைக்காரர்களே கண்டுகொண்ட வழி அது. துத்தநாகம் அலுமினியத்துக்கு நெருங்கிய சொந்தம், அதனால் அரிப்பு குறையும். பெட்டிக்கு வாங்கும் பிராக்கெட்டுகளையும் அதே மாதிரி பூசியதாகவே வாங்குங்கள்.

இப்போது ஓட்டைக் கேள்வி. உங்களுக்கு நல்ல செய்தி இருக்கிறது: ஏற்கெனவே இருக்கும் ஓட்டைகளே பெரும்பாலும் போதும்.

சக்கரப் பெட்டிகளின் மேல் பக்கவாட்டு இருக்கைகளின் சட்டத்தை மாட்டிய போல்ட் ஓட்டைகள் இருக்கின்றன. இருக்கைகளைக் கழற்றிவிட்டால் அவை உங்களுக்குக் கிடைக்கும். பெட்டியின் மேல்விளிம்பிலிருந்து இரண்டு பக்கமும் எல் வடிவப் பட்டையை வெளியே நீட்டி, சக்கரப் பெட்டியின் மேல் படியவைத்து, அந்த ஓட்டைகள் வழியாக முடுக்குங்கள். பட்டை பெட்டியின் முழு நீளத்துக்கும் ஓடட்டும். அடியில், சக்கரத்தின் பக்கத்திலிருந்து, 10 சென்டிமீட்டர் சதுரமுள்ள 3 மில்லிமீட்டர் தகட்டை ஒவ்வொரு போல்ட்டுக்கும் கொடுங்கள். அப்போதுதான் இழுவை அகலமாகப் பரவும். அந்த அடித்தகடு டயர் மேலே எழும்பும்போது உரசாத இடத்தில் இருக்கிறதா என்று, ஸ்பிரிங் முழுக்க அமுங்கிய நிலையை மனதில் வைத்துப் பாருங்கள்.

போல்ட் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. உங்கள் வண்டி அங்குல மரைக் காலத்தைச் சேர்ந்தது. 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மில்லிமீட்டர், எம்8 என்பது 8. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ஆனால் நுண்மரை அங்குல போல்ட்டில் மரை இடைவெளி 1.06 மில்லிமீட்டர், எம்8-இல் 1.25. ஏற்கெனவே நட் வெல்டு செய்திருக்கும் இடத்தில் எம்8-ஐ நுழைத்தால் இரண்டு சுற்று ஏறும், அப்புறம் இறுகும். ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் 50 வருட மரை அரைந்துவிடும். கையால் சுழற்றி முழுவதும் ஏறாத போல்ட் அந்த இடத்துப் போல்ட் இல்லை.

மேல்விளிம்பு பிடித்தாயிற்று. முன்னோக்கிய விசைக்கு என்ன வழி? அதைப் போல்ட்டுகளிடம் கொடுக்காமல் சுவரிடம் கொடுங்கள். பெட்டியின் முன்முகம் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள சுவரில் முழு அகலத்துக்கும் படிந்திருக்க வேண்டும், நடுவில் ஒரு ரப்பர் தாள் மட்டும். இடைவெளி விட்டு வைத்தால் பெட்டி முதலில் வேகமெடுத்து, பிறகு சுவரில் இடிக்கும். அந்தச் சுவரும் மெல்லியதுதான், அதை மட்டும் நம்ப முடியாது. எனவே பின்பக்கம் இரண்டு பிராக்கெட் கொடுத்து, உடம்பு சேஸிஸின் பின் குறுக்குச் சட்டத்தோடு முடுக்கப்பட்டிருக்கும் போல்ட்டுகளோடு சேர்த்துவிடுங்கள். வெறும் நீளமான போல்ட்டாக மாற்றினால் போதும், புது ஓட்டை தேவைப்படாது. இதனால் இழுவை தகட்டுக்குப் போகாமல் நேராக சேஸிஸுக்குப் போகிறது. ஆனால் முதலில் அந்தக் குறுக்குச் சட்டத்தைச் சுத்தியலின் பின்முனையால் தட்டிப் பாருங்கள். சேற்றைக் கட்டிவைத்து உள்ளிருந்து துருப்பிடிப்பதில் அந்த இடம் பெயர்போனது. ‘டங்’ என்று கேட்டால் சரி, ‘தொப்’ என்று கேட்டால் பெட்டியை மறந்துவிட்டு முதலில் சட்டத்தைப் பாருங்கள்.

எங்கேயாவது ஒரு புது ஓட்டை போட்டே ஆகவேண்டும் என்று வந்தால், டிரில்லைக் கையில் எடுப்பதற்கு முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பிரேக் பைப், விளக்கு வயர், சைலன்சர், சேஸிஸ் சட்டம் எது எங்கே போகிறது என்று சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் டாங்க் வலப்பக்க முன் இருக்கைக்குக் கீழே இருக்கிறது. பெட்டியின் முன்சுவருக்குப் பக்கத்தில் டிரில்லோ கிரைண்டரோ வைக்காமல் இருப்பதற்கு அது ஒன்றே போதும். வெல்டிங் எல்லாம் பெட்டியை வெளியே எடுத்து வைத்துத்தான்.

எல்லா போல்ட்டின் நட்டும் பெட்டிக்குள்ளோ, வண்டிக்கு அடியிலோதான் வரும். அடியில் வருவதை யாராவது படுத்துக் கழற்ற முடியுமே என்று கேட்பீர்கள். முடிந்த இடத்திலெல்லாம் தலையைக் கீழே, குமிழ்த் தலையாக வைத்து, நட்டைப் பெட்டிக்குள் வையுங்கள். பூட்டைத் திறந்தால்தான் அந்த நட்டைத் தொடவே முடியும். நைலான் வளையம் வைத்த நட்டாகவே போடுங்கள், அந்த வண்டியின் அதிர்வுக்குச் சாதாரண நட் தாங்காது.

இனி மூடி. திருடன் என்ன செய்வான் என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். முதலில் திருப்புளியின் முனை நுழையும் இடுக்கைத் தேடுவான். நுழைத்துத் திருகுவான், தகடு ஒரு விரல் அகலம் வளையும். அந்த இடைவெளியில் கடப்பாரை நுழையும். கடப்பாரை நுழைந்துவிட்டால் எந்தப் பூட்டும் நிற்காது. ஆகவே அந்த முதல் இடுக்கைக் கொடுக்கவே கூடாது. மூடியின் நான்கு ஓரத்தையும் 25 மில்லிமீட்டர் கீழ்நோக்கி மடித்து, அந்த மடிப்பு பெட்டியின் மேல்விளிம்பில் வளைத்த ஒரு வாய்க்காலுக்குள் உட்காரும்படி செய்யச் சொல்லுங்கள். மேலிருந்து பார்த்தால் ஒரு கோடு மட்டும் தெரியும், இடுக்கு 2 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருக்கும். மழைநீரும் அந்த வாய்க்காலில் விழுந்து, மூலையில் விட்ட துளை வழியாக வெளியேறும். மூடிக்கு அடியில் குறுக்காக இரண்டு மடிப்புப் பட்டைகள் வெல்டு செய்துவிட்டால், மேலே ஏறி நின்றாலும் வளையாது. அலுமினியத்தில் செய்வதால் இந்தப் பட்டைகளை விட்டுவிடாதீர்கள். இரும்பு தன் பலத்தால் தாங்குவதை அலுமினியம் வடிவத்தால்தான் தாங்கும்.

கீல் உள்ளே மறைந்து முழு நீளத்துக்கும் ஓடும் பியானோ கீலாக இருக்கட்டும். ஊசி வெளியே தெரிந்தால் ஒரு ஆணியை வைத்துத் தட்டி எடுத்துவிடுவார்கள்.

இப்போது பூட்டு. அஞ்சல் பெட்டிகளில் வருமே, ஒற்றை நாக்கு திரும்பும் சின்னப் பூட்டு, அது வேண்டாம். நாக்கு நடுவில் மட்டும் பிடிக்கும், மூடியின் இரண்டு மூலையும் நெம்புவதற்குக் காத்திருக்கும். நடுவில் ஒரு கைப்பிடியைத் திருப்பினால் இரண்டு பக்கமும் கம்பி நீண்டு மூலைகளில் போய்ப் பிடிக்கும் வகையை வாங்குங்கள். இரண்டு மூடிக்கும் ஒரே சாவி. தொங்குபூட்டுத்தான் வேண்டும் என்றால், வட்டமான, கொண்டி வெளியே தெரியாத வகை. அதையும் குழிவான ஒரு கவசத்துக்குள் பதித்து வையுங்கள், வெட்டுக் கத்தரி உள்ளே நுழையக் கூடாது. பூட்டுக்குள் எண்ணெய் விடாதீர்கள், தூசி சேர்ந்து களிம்பாகிவிடும். கிராஃபைட் தூள் போதும்.

பேட்டரியில் ஓடும் கிரைண்டரோடு ஒருவன் வந்தால் இதில் எதுவும் நிற்காது, நான் செய்யும் எந்தப் பெட்டியும் நிற்காது. நமக்கு வேண்டியது நேரமும் சத்தமும். கூரையைக் கிழிக்க ஒரு நிமிடம் ஆகாது. அதற்குப் பிறகு பத்து நிமிடம் தகட்டோடு மல்லுக்கட்ட வேண்டும் என்றால், வழிப்போக்கர் வரும் இடத்தில் பெரும்பாலானோர் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

உள்ளே வைக்கக் கூடாதவை: பெட்ரோல் கேன், அடுப்புக்கான கேஸ் உருளை. மூடிய பெட்டியில் அந்த வாயு காற்றை விடக் கனமாக அடியில் தேங்கும், ஒரு பொறி போதும். கேமரா பேட்டரிகளையும் வெயிலில் நிற்கும் வண்டியில் விட்டுப் போகாதீர்கள், பையில் கூடவே எடுத்துப் போங்கள். கேமராவுக்காக மூடியின் அடிப்பக்கம் ஒரு விரல் கனத்துக்கு மூடிய துளை ஃபோம் (தண்ணீரைக் குடிக்காத வகை) ஒட்டினால் சூடும் குறையும், சத்தமும் குறையும். முதலுதவிப் பையும் தீயணைப்பானும் பூட்டுக்கு வெளியே, கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது சாவி வண்டிக்குள் இருக்கக் கூடாது, நடக்கும்போது உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும்.

பட்டறைக்குப் போவதற்கு முன் அட்டையில் முழு அளவில் ஒரு பெட்டி செய்து உள்ளே வைத்துப் பாருங்கள். அப்பாவின் வண்டி 50 வருடம் உழைத்திருக்கிறது, நான்கு மூலையும் சரிசதுரமாக இருக்கும் என்று நம்பாதீர்கள். சக்கரப் பெட்டிகளுக்கு நடுவில் உள்ள அகலத்தை முன்னால், நடுவில், பின்னால் என்று மூன்று இடத்தில் அளந்து, மிகக் குறைந்த அளவிலிருந்து 6 மில்லிமீட்டர் கழித்துக்கொள்ளுங்கள். டெயில்கேட்டை மூடித் திறந்து, சங்கிலி இரண்டும் தடையில்லாமல் விழுகிறதா என்று பாருங்கள். மூடி திறக்கும்போது கூரைக் கம்பியில் இடிக்கிறதா என்பதையும் அட்டையிலேயே பார்த்துவிடலாம். இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

பக்கவாட்டு இருக்கைகளை எடுப்பதால் பதிவுச் சான்றிதழில் இருக்கும் இருக்கை எண்ணிக்கை மாறுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் பெட்டியின் படத்தோடு ஒரு கடிதம் எழுதிவிடுங்கள்.

பொருத்திய பிறகு முதல் 200 கிலோமீட்டரில் எல்லா நட்டையும் ஒருமுறை முடுக்கிப் பாருங்கள், ரப்பர் பட்டை அமுங்கி நிச்சயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும். அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைக் கழற்றித் தரையைக் கழுவிக் காயவையுங்கள். இருவர் சேர்ந்தால் அரை மணி நேர வேலை.

கழற்றும் இருக்கைகளைப் பழைய போர்வையில் சுற்றி, தரையில் படாமல் மேலே எங்காவது வையுங்கள். அந்தச் சட்டங்களைப் பிடித்திருந்த போல்ட், நட், வாஷர் அத்தனையையும் துடைத்து, லேசாக எண்ணெய் தடவி, ஒரு சின்ன டப்பாவில் போட்டு, எது எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். டப்பாவைப் புதுப் பெட்டியின் முன்மூலையிலேயே வைத்துவிடுங்கள். பிறகு எப்போதாவது அப்பா ஓட்டிய நிலைக்கே வண்டியைக் கொண்டுவர நினைத்தால், தேவையானது எல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்கும்.